டிரேஃபஸ் மீது சந்தேகம் விழுந்தது எப்படி?

வடகரை எழுதியது:

ஆல்ஃப்ரெட் டிரேஃபஸ், ஜெர்மனிக்கு ராணுவ ரகசியங்களைக் கொடுத்ததாக 1894ல் தவறாகத் தண்டிக்கப்பட்ட பிரெஞ்சு ராணுவ அதிகாரி. அவர் வழக்கைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் எமில் ஜோலாவிலிருந்துதான் தொடங்குகிறார்கள். எழுத்தாளர் பேனாவை எடுத்தார், அரசு ஆட்டம் கண்டது, நீதி வென்றது என்று கதை முடிந்துவிடுகிறது. ஜோலா அவருக்காகத் தன் திறந்த கடிதத்தை எழுதியது 1898 ஜனவரியில். அதற்குள் அந்த மனிதர் தென் அமெரிக்கக் கரையோரத்துப் பிரெஞ்சுச் சிறைத் தீவான பிசாசுத் தீவில் ஏறக்குறைய மூன்று ஆண்டுகளைக் கழித்துவிட்டார். நான் பேச விரும்புவது அதற்கு முந்தைய சில வாரங்களைப் பற்றி. அத்தனை அதிகாரிகள் இருந்த இடத்தில் விரல் ஏன் அவர் பெயரில் போய் நின்றது?

1894 செப்டம்பர் கடைசி. பாரிஸில் இருந்த ஜெர்மன் தூதரகத்தைக் கூட்டிப் பெருக்கிவந்த மதாம் பாஸ்தியான் பிரெஞ்சு உளவுப் பிரிவுக்கும் வேலை செய்தார். ஜெர்மன் ராணுவப் பிரதிநிதி ஷ்வார்ட்ஸ்கோப்பனின் குப்பைக்கூடையில் கிடக்கும் காகிதங்களை அள்ளிக் கொடுப்பது அவர் வேலை. அப்படி வந்த மெல்லிய தாள் ஒன்றில் கையொப்பம் இல்லாத கடிதம் இருந்தது. தான் அனுப்பும் ஐந்து ராணுவ ஆவணங்களை ஒருவன் அதில் பட்டியல் போட்டிருந்தான். 120 மில்லிமீட்டர் பீரங்கியின் பிரேக், எல்லைக் காப்புப் படைகள், பீரங்கிப் படையின் அமைப்பில் வந்த மாற்றங்கள், மடகாஸ்கர், புதிய சுடும் முறைக் கையேடு. "பயிற்சிப் போருக்குப் புறப்படுகிறேன்" என்று கடிதம் முடிந்தது.

துரோகி ஒருவன் இருந்தான் என்பது உண்மை. அதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம். அவனைத் தேடிய விதம்தான் கொடுமை. இத்தனை பிரிவுகளின் தகவல் ஒருவனிடம் இருக்கிறது என்றால் அவன் தலைமை அலுவலகத்தில் பிரிவு பிரிவாகச் சுற்றிவரும் பயிற்சி அதிகாரியாக இருக்க வேண்டும், பீரங்கிப் படையைச் சேர்ந்தவனாகவும் இருக்க வேண்டும் என்று தபோவில் என்ற அதிகாரி கணக்குப் போட்டார். பெயர்ப் பட்டியலை எடுத்துப் பார்த்தார்கள். ஆல்ஃப்ரெட் டிரேஃபஸ் என்ற பெயர் வந்ததும் தேடல் நின்றது. அல்சாஸ் பகுதியின் முலூஸ் நகரத்துக்காரர், பணக்காரத் துணி ஆலைக் குடும்பம், யூதர். கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்த்தது அதற்குப் பிறகுதான். இந்த வரிசையை மறந்துவிட்டு வழக்கைப் புரிந்துகொள்ள முடியாது.

அந்த ஆண்டு பயிற்சி அதிகாரிகள் பயிற்சிப் போருக்கு அனுப்பப்படவே இல்லை. கடிதத்தின் கடைசி வரி ஒன்றே அவரை விடுவிக்கப் போதுமானது. தேதியை முன்னும் பின்னும் தள்ளி அதையும் சமாளித்தார்கள்.

கோப்புக்காரர் எழுதியது:

நல்ல இழை. ஆனால் முதல் பத்தியிலேயே முடிவைச் சொல்லிவிட்டீர்கள் என்று தோன்றுகிறது. அரசு அலுவலகத்தில் கோப்புகளோடு வாழ்ந்தவன் நான். என் பார்வை வேறு.

இரண்டு கையெழுத்துகளும் ஓரளவு ஒத்திருந்தன. அதை யாரும் மறுக்கவில்லை. தொடக்கத்தில் நடந்தது நேர்மையான பிழையாகவே இருக்கலாம். குற்றம் பிறந்தது அதற்குப் பிறகு. மேலதிகாரி ஒருமுறை கையொப்பமிட்ட குறிப்பைக் கீழே உள்ளவன் திருத்தத் துணியமாட்டான். போர் அமைச்சர் மெர்சியே "குற்றவாளி" என்று எழுதிவிட்டார். அவரைக் காப்பாற்ற தலைமைத் தளபதி, அவரைக் காப்பாற்ற அடுத்தவர் என்று சங்கிலி நீண்டது. டிரேஃபஸ் கத்தோலிக்கராக இருந்திருந்தாலும் அந்த இயந்திரம் அவரை நசுக்கியிருக்கும். யூத வெறுப்பு பத்திரிகைகளில் இருந்தது, தெருவில் இருந்தது. அலுவலகத்துக்குள் நடந்தது பதவியைக் காக்கும் வேலை.

வடகரை எழுதியது:

ஐயா, உங்கள் சங்கிலியை நான் ஏற்கிறேன். உண்மையான துரோகி யார் என்று உளவுப் பிரிவுக்குத் தெரியவந்த 1896க்குப் பிறகு நடந்ததை அது அருமையாக விளக்குகிறது. 1894 அக்டோபரை விளக்கவில்லை.

கையெழுத்து நிபுணர்களைப் பாருங்கள். முதலில் கேட்கப்பட்டவர் பிரான்ஸ் வங்கியின் நிபுணர் கோபேர். கடிதத்தை வேறொருவர் எழுதியிருக்கலாம் என்றார். உடனே அவரை விட்டுவிட்டு, கையெழுத்து நிபுணரே அல்லாத பெர்த்தியோனிடம் போனார்கள். குற்றவாளிகளின் உடல் அளவுகளை எடுத்து அடையாளம் காணும் முறையை உருவாக்கியவர் அவர். அந்தத் துறையில் பெரிய பெயர். கையெழுத்தில் அவருக்கு எந்தப் பயிற்சியும் இல்லை. இரண்டு கையெழுத்துக்கும் வேறுபாடு இருப்பதை அவரும் கண்டார். கண்டுவிட்டு என்ன சொன்னார்? டிரேஃபஸ் தன் கையெழுத்தைத் தானே போலி செய்திருக்கிறார், மாட்டிக்கொண்டால் "இது போலி" என்று சொல்லித் தப்புவதற்காகத் தன் குடும்பத்தாரின் எழுத்துச் சாயலையும் கலந்திருக்கிறார் என்றார். ஒற்றுமை இருந்தால் அவர் எழுதியது. வேற்றுமை இருந்தால் அவர் தந்திரமாக எழுதியது. இப்படிப்பட்ட தராசில் யார் ஏறினாலும் தட்டு ஒரே பக்கம்தான் சாயும். பத்து ஆண்டுகள் கழித்து ஆன்றி புவான்கரே உள்ளிட்ட மூன்று கணித அறிஞர்கள் அந்தக் கணக்கைப் பரிசோதித்து, ஒன்றுக்கும் உதவாது என்று தீர்த்துச் சொன்னார்கள்.

ஐந்து நிபுணர்களில் இருவர் மறுத்தார்கள், மூவர் ஆமோதித்தார்கள். அந்த மூவரில் ஒருவர் பெர்த்தியோன். இதை நேர்மையான பிழை என்று சொல்ல என்னால் முடியவில்லை.

வீட்டைச் சோதனை போட்டார்கள், எதுவும் கிடைக்கவில்லை. எல்லாவற்றையும் முன்பே அழித்திருக்கிறார் என்று முடிவு கட்டினார்கள். ஜெர்மன் மொழி தெரியும் என்பது அவருக்கு எதிரான குறிப்பானது. நல்ல நினைவாற்றல் என்பதும் அப்படியே. அல்சாஸில் பிறந்தவருக்கு ஜெர்மன் தெரியாமல் எப்படி இருக்கும்? அல்சாஸ்காரரான சாந்தேர்தான் உளவுப் பிரிவின் தலைவர். அவர் மொழியறிவு அவருக்குத் தகுதியாக இருந்தது, டிரேஃபஸின் மொழியறிவு குற்றமாகிவிட்டது. இரண்டுக்கும் நடுவே உள்ள வேறுபாடு என்ன என்று நீங்களே சொல்லுங்கள்.

மருதம் எழுதியது:

கைதான நாளைப் பற்றி யாராவது விரிவாக எழுதுங்களேன். மை, பேனா என்று ஏதோ நாடகம் நடந்ததாகப் படித்த நினைவு.

வடகரை எழுதியது:

1894 அக்டோபர் 15, திங்கட்கிழமை காலை. வழக்கமான ஆய்வு என்று சொல்லி, சீருடை இல்லாமல் சாதாரண உடையில் வரும்படி டிரேஃபஸை அழைத்திருந்தார்கள். அறையில் தலைமைத் தளபதி இல்லை. மேஜர் தூ பாத்தி த கிளாம் இருந்தார். விரலில் காயம், எழுத முடியவில்லை, தளபதிக்கு ஒரு கடிதம் எழுதவேண்டும், நான் சொல்லச் சொல்ல எழுதுங்கள் என்றார். டிரேஃபஸ் உட்கார்ந்தார். சொல்லப்பட்ட வாசகங்கள் ஜெர்மன் தூதரகத்துக் கடிதத்திலிருந்து எடுக்கப்பட்டவை. பாதியில் மேஜர் நிறுத்தி, உங்கள் கை நடுங்குகிறது என்றார். விரல்கள் குளிர்ந்திருக்கின்றன என்றார் டிரேஃபஸ். அக்டோபர் மாதத்துப் பாரிஸ் காலை அது. அந்தத் தாள் இன்றும் இருக்கிறது. எழுத்தில் குறிப்பிடும்படியான தடுமாற்றம் எதுவும் தெரியவில்லை என்பதே பின்னாளில் அதைப் பார்த்தவர்களின் கருத்து. அடுத்த சில நிமிடங்களில் தோளில் கை வைத்து, சட்டத்தின் பெயரால் கைது செய்கிறேன் என்றார் மேஜர். மேசையில் துப்பாக்கி ஒன்றும் வைக்கப்பட்டிருந்தது. தற்கொலை செய்துகொண்டால் வழக்கே வேண்டாம் என்பது ஏற்பாடு. என் குற்றமின்மையை நிரூபிக்க நான் உயிரோடு இருக்க விரும்புகிறேன் என்று டிரேஃபஸ் மறுத்துவிட்டார்.

அவரைச் சிறையில் கவனித்த அதிகாரி ஃபோர்சினெத்தி. பல கைதிகளைப் பார்த்துப் பழகியவர். அறைக்குள் சுவரில் மோதிக்கொண்டு கதறிய மனிதரைப் பார்த்த சில நாட்களிலேயே இவர் குற்றமற்றவர் என்ற முடிவுக்கு வந்து, அதை மேலிடத்திலும் சொன்னார். அவர் பேச்சு எடுபடவில்லை. அதை விடாமல் சொல்லிக்கொண்டிருந்ததற்காகப் பின்னர் பதவியையும் இழந்தார். கோப்புக்காரர் ஐயா, உங்கள் சங்கிலிக்குக் கட்டுப்படாதவர்களும் முதல் நாளிலிருந்தே இருந்தார்கள்.

வாய்தா எழுதியது:

சட்டம் படிக்கும் மாணவி நான். எனக்கு இந்த வழக்கில் எல்லாவற்றையும்விட ஆத்திரம் தருவது அந்த ரகசியக் கோப்பு.

விசாரணை 1894 டிசம்பர் 19 முதல் 22 வரை, மூடிய கதவுக்குள் நடந்தது. ஏழு ராணுவ நீதிபதிகள். டிரேஃபஸின் வழக்கறிஞர் எட்கர் தெமாஞ்ஜ், பக்தியுள்ள கத்தோலிக்கர், குற்றமின்மையில் முழு நம்பிக்கை இல்லாவிட்டால் வழக்கை ஏற்கமாட்டேன் என்று சொல்லிவிட்டு ஏற்றவர். விசாரணை நடந்தபோது அரசுத் தரப்பு தள்ளாடியது. தீர்ப்பு எழுத நீதிபதிகள் தனியறைக்குப் போன பிறகு முத்திரையிட்ட உறை ஒன்று அவர்கள் கைக்குப் போனது. அமைச்சர் மெர்சியே அனுப்பியது. அதில் இருந்த ஒரு கடிதத்தில் "அந்த அயோக்கியன் டி" என்று யாரையோ வெளிநாட்டு ராணுவப் பிரதிநிதி திட்டியிருந்தார். டி என்ற எழுத்தில் தொடங்கும் பெயர் பிரான்சில் எத்தனை ஆயிரம் இருக்கும்! உறை வந்த செய்தியே தெமாஞ்ஜுக்குத் தெரியாது. ஏழு பேரும் ஒருமனதாகக் குற்றவாளி என்றார்கள்.

குற்றஞ்சாட்டப்பட்டவர் பார்க்காத சான்றை வைத்து அவரைத் தண்டிக்க முடியாது என்பது அன்றைய பிரெஞ்சு ராணுவச் சட்டத்திலும் இருந்தது. தீர்ப்பைச் செல்லாததாக்க இந்த ஒரு செயலே போதும். விசாரணைக்கு முன்பே, நவம்பர் கடைசியில், டிரேஃபஸின் குற்றம் உறுதி என்ற பொருளில் அமைச்சர் 'ஃபிகாரோ' பத்திரிகையிடம் பேசியிருந்தார். அமைச்சர் பேசியாகிவிட்டது, நீதிபதிகள் எல்லோரும் அவருக்குக் கீழ்ப்பட்ட அதிகாரிகள். இதற்குப் பெயர் நீதிமன்றமா?

கோப்புக்காரர் எழுதியது:

அம்மா, நீ சொல்வது என் வாதத்துக்குத்தான் வலு சேர்க்கிறது. அமைச்சர் பேசிவிட்டார், பின்வாங்க முடியாது. அதனால் உறை போனது. இதில் யூத வெறுப்பு எங்கே வந்தது?

வாய்தா எழுதியது:

அமைச்சர் ஏன் அவசரப்பட்டார் ஐயா? அக்டோபர் கடைசியில் கைது பற்றிய செய்தியைக் கசியவிட்டது எந்தப் பத்திரிகை? 'லா லீப்ர் பரோல்'. எத்துவார் த்ரூமோன் நடத்திய யூத எதிர்ப்பு நாளேடு. மெர்சியேவை அதுவரை அது கடுமையாகத் தாக்கிக்கொண்டிருந்தது. யூத அதிகாரி ஒருவரை அமைச்சர் விட்டுவிடப் பார்க்கிறார் என்று அது எழுதத் தொடங்கினால் அவர் பதவி போய்விடும். அவர் பயந்தது அந்த வெறுப்புக்கு. நீங்கள் சொல்லும் இயந்திரத்துக்கு நீராவி எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டாமா?

வடகரை எழுதியது:

சகோதரி சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வழக்குக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1892 மே மாதத்தில், ராணுவத்தில் யூதர்கள் என்ற தொடரை அதே பத்திரிகை வெளியிட்டது. யூத அதிகாரிகள் எல்லோரும் வருங்காலத் துரோகிகள் என்பது அதன் சாரம். அதையொட்டி எழுந்த சண்டையில் ஆர்மான் மையே என்ற யூத கேப்டன் வாள் சண்டையில் கொல்லப்பட்டார். அதே ஆண்டு போர்க் கல்லூரியின் இறுதித் தேர்வில் பொன்ஃபோன் என்ற ஜெனரல், தலைமை அலுவலகத்தில் யூதர்கள் வேண்டாம் என்று சொல்லி டிரேஃபஸுக்கும் இன்னொரு யூத அதிகாரிக்கும் மதிப்பெண்ணைக் குறைத்தார். டிரேஃபஸ் முறையிட்டார். கல்லூரித் தலைவர் வருத்தம் தெரிவித்தார், மதிப்பெண் மாறவில்லை.

பிரான்சின் மக்கள்தொகை அன்று 3 கோடியே 80 லட்சத்துக்கும் மேல். யூதர்கள் ஒரு லட்சத்துக்கும் குறைவு. 1791லேயே சம குடியுரிமை தந்த நாடு அது. அந்த உரிமையை நம்பித்தான் டிரேஃபஸ் குடும்பம் 1871ல் அல்சாஸை ஜெர்மனி எடுத்துக்கொண்டபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்தது. ஜெர்மானியர் தன் ஊரைப் பிடித்ததைச் சிறுவயதில் பார்த்த வேதனையில்தான் தான் ராணுவ வீரனாக வேண்டும் என்று தீர்மானித்ததாக டிரேஃபஸே எழுதியிருக்கிறார். அவருக்குப் பணத் தேவை இல்லை, சூதாட்டக் கடன் இல்லை, ஜெர்மனி மீது வெறுப்பு மட்டுமே இருந்தது. துரோகத்துக்கு ஒரு காரணம்கூட யாராலும் காட்ட முடியவில்லை. யூதர் என்பதே காரணமாக நின்றது. இன்னொரு காரணம் தேவைப்படும் என்ற நினைப்பே அவர்களுக்கு எழவில்லை. நான் இந்த இழையைத் தொடங்கியது இதைச் சொல்லத்தான்.

தீப்பொறி எழுதியது:

உண்மையான துரோகி எஸ்தர்ஹாசி பக்கம் போங்கள். பதவியிறக்கச் சடங்கைப் பற்றியும் ஒருவரும் சொல்லவில்லையே.

மருதம் எழுதியது:

சடங்கை நான் சொல்கிறேன், வாசித்த பிறகு மனதை விட்டுப் போகவில்லை. 1895 ஜனவரி 5, ராணுவப் பள்ளியின் பெரிய முற்றம். ஒவ்வொரு படைப்பிரிவிலிருந்தும் வீரர்களை நிறுத்தியிருந்தார்கள். உயரமான சார்ஜென்ட் ஒருவர் டிரேஃபஸின் தொப்பியிலிருந்தும் சட்டைக் கையிலிருந்தும் பட்டைகளைக் கிழித்தார், பொத்தான்களைப் பிடுங்கினார், வாளை முழங்காலில் வைத்து முறித்தார். ஒரே இழுப்பில் எல்லாம் வர வேண்டும் என்பதற்காகத் தையல்களை முன்கூட்டியே தளர்த்தி, வாளையும் அராவி வைத்திருந்தார்கள். இந்த ஒரு விவரம் எனக்குப் போதும். ஒரு மனிதனின் அவமானத்துக்கு முந்தைய நாளே உட்கார்ந்து தயாரிப்பு செய்திருக்கிறார்கள்.

டிரேஃபஸ் உரத்த குரலில், வீரர்களே, குற்றமற்றவனைப் பதவியிறக்குகிறார்கள், பிரான்ஸ் வாழ்க, ராணுவம் வாழ்க என்று கத்தினார். வெளியே வேலிக்கு அப்பால் திரண்டிருந்த கூட்டம் துரோகி ஒழிக என்று கத்தியது, யூதர்களுக்கு மரணம் என்றும் கத்தியது. நின்றது ஒரு மனிதர், சாபம் ஒரு சமூகத்துக்கே போனது. யூதர்களுக்குத் தனி நாடு கேட்கும் சியோனிச இயக்கத்தைப் பின்னாளில் நிறுவிய தியோடர் ஹெர்ஸல், வியன்னா நாளேட்டின் நிருபராக அன்று அங்கே இருந்தார்.

தீப்பொறி எழுதியது:

நன்றி மருதம். எஸ்தர்ஹாசியை நானே தொடங்குகிறேன். 1896 மார்ச்சில் அதே குப்பைக்கூடையிலிருந்து சுக்கலாகக் கிழிக்கப்பட்ட நீல நிற அஞ்சல் தாள் ஒன்று வந்தது. மேஜர் எஸ்தர்ஹாசியின் பெயருக்கு ஜெர்மன் தூதரகத்திலிருந்து எழுதப்பட்டு, அனுப்பப்படாதது. உளவுப் பிரிவுக்கு அப்போது புதிய தலைவர், கர்னல் பிக்கார். எஸ்தர்ஹாசி கடனில் மூழ்கியவர், பணத்துக்கு எதையும் செய்பவர். ஆகஸ்டில் அவருடைய கடிதங்கள் கைக்கு வந்தபோது பிக்காருக்குத் தூக்கிவாரிப்போட்டது. 1894 கடிதத்தின் அதே கையெழுத்து. அந்த ரகசியக் கோப்பை எடுத்துப் பிரித்துப் பார்த்தார். உள்ளே டிரேஃபஸுக்கு எதிராக ஒன்றும் இல்லை.

துணைத் தளபதி கோன்ஸிடம் போனார். அந்த யூதன் பிசாசுத் தீவில் கிடந்தால் உமக்கென்ன என்று கோன்ஸ் கேட்டதாக பிக்கார் சாட்சியம் சொல்லியிருக்கிறார். அவன் குற்றமற்றவன் ஆயிற்றே என்றாராம் இவர். நீர் எதுவும் சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது என்றாராம் அவர். இந்த ரகசியத்தைக் கல்லறைக்குக் கொண்டுபோக மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்த பிக்காரை துனீசியாவுக்கு அனுப்பிவிட்டார்கள்.

கோப்புக்காரர் எழுதியது:

பிக்காரே யூதர்கள் மீது நல்லெண்ணம் கொண்டவர் இல்லை என்பதையும் சொல்லுங்கள். அவரும் அல்சாஸ்காரர், கத்தோலிக்கர், தன் காலத்தின் வெறுப்புகளோடு வளர்ந்தவர். போர்க் கல்லூரியில் டிரேஃபஸுக்குப் பாடம் எடுத்தவர், அவரைப் பிடிக்காதவர். இருந்தும் உண்மையைச் சொன்னார். வெறுப்புதான் எல்லாவற்றையும் ஆட்டிப்படைத்தது என்றால் பிக்காரை எப்படி விளக்குவீர்கள், வடகரை தம்பி?

வடகரை எழுதியது:

நல்ல கேள்வி ஐயா. வெறுப்பு உள்ள எல்லோரும் பொய் சொல்வார்கள் என்று நான் எங்கும் சொல்லவில்லை. பிக்காரும் 1894ல் டிரேஃபஸைக் குற்றவாளி என்றே நம்பினார், பதவியிறக்கச் சடங்கிலும் இருந்தார். நம்புவதற்கு அவருக்கும் சான்று தேவைப்படவில்லை. வெறுப்பு செய்யும் வேலை அதுதான். மாற்றுச் சான்று கைக்கு வந்தபோது அதை அவர் தள்ளிவிடவில்லை. அங்கே மனிதருக்கு மனிதர் நேர்மை வேறுபட்டது. டிரேஃபஸுக்காக அல்ல, ராணுவத்தின் மானத்துக்காகவே தான் பேசுவதாக அவர் எண்ணினார். அதற்காக அவர் மீது என் மரியாதை குறையவில்லை. சிறைக்கும் போனார் அவர்.

குய்ஞேயும் அப்படித்தான். அவர் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

பிக்கார் வெளியே அனுப்பப்படுவதற்குச் சற்று முன்பு, அவருக்குக் கீழிருந்த மேஜர் ஆன்றி 1896 அக்டோபர் கடைசியில் ஒரு கடிதத்தை உருவாக்கினார். இத்தாலிய ராணுவப் பிரதிநிதி பனிஸார்தி உண்மையாகவே எழுதிய பழைய கடிதத்தின் தலைப்பையும் கையொப்பத்தையும் வைத்துக்கொண்டு, நடுவில் வேறொரு தாளில் தானே எழுதிய வாசகத்தை ஒட்டினார். அந்த யூதனோடு நமக்குத் தொடர்பே இல்லை என்று நாம் இருவரும் சொல்லிவிட வேண்டும் என்ற பொருளில், டிரேஃபஸின் பெயரோடு. 1898 ஜூலை 7ஆம் நாள் புதிய போர் அமைச்சர் கவேஞாக் இதை நாடாளுமன்றத்தில் வாசித்தார். ஒரு எதிர்ப்பு வாக்கும் விழாமல், பேச்சைப் பிரான்சின் எல்லா ஊர்களிலும் சுவரொட்டியாக ஒட்டத் தீர்மானம் நிறைவேறியது.

ஆகஸ்ட் 13, இரவு. கவேஞாக்கின் உத்தரவுப்படி கோப்பைச் சரிபார்த்துக்கொண்டிருந்த கேப்டன் குய்ஞே அந்தக் கடிதத்தை விளக்கொளியில் பிடித்தார். கட்டம் போட்ட தாள். மேலும் கீழும் இருந்த துண்டுகளில் கட்டக்கோடு ஒரு நிறம், நடுவில் வேறு நிறம். ஒன்று நீலச் சாம்பல், மற்றொன்று திராட்சை ரசத்தின் செம்மை. வேறொரு கடிதத்தை எடுத்துப் பார்த்தார். அங்கே நிறங்கள் இடம் மாறியிருந்தன. இரண்டு கடிதங்களின் துண்டுகளும் கலக்கப்பட்டிருந்தன. நாடு முழுக்க ஒட்டப்பட்ட சான்று கத்தரிக்கோலும் பசையும் கொண்டு செய்தது என்று அந்த மேசையில் உட்கார்ந்திருந்தவருக்குப் புரிந்துபோனது. குய்ஞே டிரேஃபஸின் ஆதரவாளர் அல்ல. கண்டதைப் போய் அமைச்சரிடம் சொன்னார். ஆகஸ்ட் 30ஆம் நாள் ஆன்றி ஒப்புக்கொண்டார். மறுநாள் மோன் வலேரியன் கோட்டைச் சிறையில் கழுத்தைச் சவரக்கத்தியால் அறுத்துக்கொண்டு இறந்துகிடந்தார். எஸ்தர்ஹாசி மீசையை மழித்துக்கொண்டு இங்கிலாந்துக்கு ஓடிப்போனார். அந்த ஜனவரியில்தான் ராணுவ நீதிமன்றம் அவரை ஒருமனதாக விடுதலை செய்திருந்தது. ஜோலாவின் திறந்த கடிதம் 'லோரோர்' நாளேட்டில் வந்தது அதற்கு இரண்டு நாள் கழித்து.

வாய்தா எழுதியது:

இதோடு முடிந்திருக்க வேண்டும் அல்லவா? போலி அம்பலமாகிவிட்டது, செய்தவர் ஒப்புக்கொண்டார், இறந்தும்விட்டார். முடியவில்லை. கோப்புக்காரர் ஐயா, உங்களுக்கான என் பதில் இனிமேல் நடந்ததில்தான் இருக்கிறது.

1898 டிசம்பரில் அதே 'லா லீப்ர் பரோல்' ஆன்றியின் மனைவிக்கு வழக்குச் செலவுக்கு நிதி திரட்டியது. போலிக் கடிதம் செய்த மனிதரின் பெயரைக் காப்பதற்கு நிதி. ஒரு மாதத்தில் ஏறக்குறைய 25,000 பேர் 1,31,000 பிராங்குகள் தந்தார்கள். கொடுத்தவர்கள் பெயரோடு ஒரு வரியும் எழுதலாம், பத்திரிகை அதை அச்சிடும். பாதிரியார்கள், பதவியில் இருந்த ராணுவ அதிகாரிகள், மாணவர்கள், தையல் தொழிலாளிகள், கவிஞர் பால் வலேரிகூட மூன்று பிராங்குகள். யூதர்களின் தோலை உரிக்க வேண்டும், கொதிக்க வைக்க வேண்டும், நாடு கடத்த வேண்டும் என்று தங்கள் பெயரைப் போட்டு எழுதினார்கள். இவர்களில் மிகப் பெரும்பாலோர் போர் அமைச்சகத்தில் கோப்புக்குக் கையொப்பமிட்டவர்கள் அல்ல. அவர்கள் பதவி எதுவும் போகப்போவதில்லை. அந்தப் போலியைத் தேசபக்திச் செயல் என்று வாழ்த்தினார்கள். அதே ஆண்டின் தொடக்கத்தில் பல பிரெஞ்சு நகரங்களில் யூதர் கடைகள் அடித்து நொறுக்கப்பட்டன. அல்ஜியர்ஸில் உயிர்களும் போயின. மே மாதத் தேர்தலில் அந்த நகரம் த்ரூமோனை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது.

கோப்புக்காரர் எழுதியது:

நிதிப் பட்டியலுக்கு என்னிடம் பதில் இல்லை அம்மா. தெருவின் வெறுப்பை நான் மறுக்கவில்லை என்று மட்டும் மீண்டும் சொல்கிறேன். அலுவலகத்தைப் பொறுத்தவரை என் கருத்து நிற்கிறது. அங்கே தொடக்கத்துச் சந்தேகம், பதவியைக் காக்கும் வேலை என்று இருவேறு விசைகள் வேலை செய்தன, இரண்டாவது இல்லாமல் முதலாவது ஐந்தாண்டு தாக்குப்பிடித்திருக்காது.

தீப்பொறி எழுதியது:

இன்னொரு கேள்வி. 1899ல் ரென் நகரில் மறுவிசாரணை நடந்து மீண்டும் குற்றவாளி என்றார்கள். பத்து நாளில் குடியரசுத் தலைவர் லூபே மன்னிப்புக் கொடுத்தார், டிரேஃபஸ் ஏற்றுக்கொண்டார். குற்றமே செய்யாதவர் மன்னிப்பை ஏற்கலாமா? அவருக்காகப் போராடிய பலரே அன்று கோபப்பட்டார்கள். அரசியல்வாதி கிளெமான்சோ எதிர்த்தார். எனக்கும் அது உறுத்துகிறது. ஜோலா இந்த மனிதருக்காகத் தண்டனை பெற்று இங்கிலாந்துக்குப் போனார், வழக்கறிஞர் லபோரியை ரென் நகரத் தெருவில் முதுகில் சுட்டார்கள். இத்தனை பேர் நின்றபோது அவர் நின்றிருக்கலாம்.

மருதம் எழுதியது:

தீப்பொறி, இதை நான் அமைதியாகப் படிக்க முடியவில்லை.

அந்தத் தீவில் அவர் எப்படி இருந்தார் என்று பாருங்கள். சுமார் நான்கு மீட்டருக்கு நான்கு மீட்டர் கல் குடிசை. காவலர்கள் அவரோடு பேசக்கூடாது என்று உத்தரவு. ஆண்டுக்கணக்கில் பேச்சில்லை. தம்பி மறக்கப்படக் கூடாது என்று அண்ணன் மத்தியூ, அவர் தப்பிவிட்டதாக ஆங்கிலப் பத்திரிகையில் செய்தி வரச்செய்தார். அதன் விளைவாக 1896 செப்டம்பரில் தொடங்கி ஒரு மாதத்துக்கும் மேலாக இரவு முழுக்க இரண்டு கால்களையும் இரும்பு வளையங்களில் மாட்டிப் படுக்கையோடு பூட்டினார்கள். வெப்பமண்டலத்துப் பூச்சிகள் மேலே ஊர, புரண்டு படுக்கக்கூட முடியாது. குடிசையைச் சுற்றி உயரமான மரவேலி எழுப்பிக் கடலையும் மறைத்தார்கள். வெளியே ஜோலா என்று ஒருவர் எழுதியதே அவருக்குத் தெரியாது. ரென் நகருக்கு வந்தபோது வயது 39, தலை நரைத்திருந்தது. வாய் சொற்களுக்குத் தடுமாறியது. உடல் சுருங்கியிருப்பது தெரியாமலிருக்கச் சீருடைக்குள் பஞ்சு வைத்துத் தைத்தார்கள். இன்னும் பத்து ஆண்டு சிறை என்று தீர்ப்பு. மத்தியூவின் கண்முன்னால் இருந்தது தம்பி சிறையில் செத்துப்போவான் என்ற அச்சம். மனைவி லூசி, குழந்தைகள் பியேர், ஜான்.

அவர் வாளாவிருக்கவும் இல்லை. மானமில்லாத விடுதலை எனக்கு ஒன்றுமே இல்லை, உண்மை வெளிப்படும்வரை போராடுவேன் என்று விடுதலையான அன்றே அறிக்கை விட்டார். போராடவும் செய்தார். 1906 ஜூலை 12ஆம் நாள் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் ரென் தீர்ப்பை ரத்து செய்து, மறுவிசாரணைக்கே இடமில்லை என்று முடித்தது. தியாகி எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று வீட்டில் இருப்பவர்கள் தீர்மானிப்பது நியாயமே இல்லை.

தீப்பொறி எழுதியது:

உங்கள் கோபம் புரிகிறது. தீவின் நிலைமையை இவ்வளவு விரிவாக நான் படித்ததில்லை. ரென் தீர்ப்பின் விசித்திரத்தையும் யாராவது குறிப்பிடுங்கள். தேசத்துரோகத்துக்கு "தணிக்கும் சூழ்நிலைகள்" என்று எழுதினார்களே!

வாய்தா எழுதியது:

ஏழு பேரில் ஐந்து பேர் குற்றவாளி என்றார்கள், இரண்டு பேர் இல்லை என்றார்கள். துரோகம் செய்திருந்தால் தணிப்பு எதற்கு? செய்யவில்லை என்றால் பத்து ஆண்டு எதற்கு? கடிதம் எழுதப்பட்ட மெல்லிய தாள் எஸ்தர்ஹாசி பயன்படுத்திய தாளின் வகைதான் என்பது அந்த நேரத்தில் உறுதியாகியிருந்தது. கடிதத்தை எழுதியது தானே என்று எஸ்தர்ஹாசி லண்டனிலிருந்து பத்திரிகைக்கும் சொல்லிவிட்டார். மெர்சியே சாட்சிக் கூண்டில் ஏறி நின்றபோது, அவர்தான் குற்றவாளி அல்லது டிரேஃபஸ்தான் குற்றவாளி என்ற நிலை வந்துவிட்டது. அந்த ஐந்து அதிகாரிகள் ஜெனரலைத் தேர்ந்தெடுத்தார்கள். ரென் தீர்ப்பை விளக்கக் கோப்புக்காரர் ஐயாவின் சங்கிலியை நான் மனமார ஏற்கிறேன்.

மருதம் எழுதியது:

2025ல் பிரெஞ்சு நாடாளுமன்றம் டிரேஃபஸைப் பிரிகேடியர் ஜெனரலாக உயர்த்திச் சட்டம் இயற்றியதே, அதைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்? 1935ல் இறந்துபோனவருக்கு இப்போது பதவி எதற்கு என்று என் வீட்டிலேயே கேட்டார்கள்.

வடகரை எழுதியது:

எதற்கு என்று கேட்பவர்களுக்கு 1906 ஜூலை 13ஆம் நாளின் கணக்கைக் காட்டுங்கள் மருதம். அன்று ஒரே நாளில் நாடாளுமன்றம் இரண்டு சட்டங்களை நிறைவேற்றியது. பிக்காரை ராணுவத்தில் மீண்டும் சேர்த்து, இழந்த ஆண்டுகளைக் கணக்கில் எடுத்து, 1903லிருந்தே அவர் பிரிகேடியர் ஜெனரல் என்று முன்தேதியிட்டது முதலாவது. சில மாதங்களில் அவர் போர் அமைச்சரும் ஆனார். இரண்டாவது, டிரேஃபஸை மேஜர் பதவியில் அன்றைய தேதியிலிருந்து சேர்த்தது. தீவில் கழித்த ஆண்டுகள் பணிமூப்பில் சேரவில்லை. அவருக்குப் பின்னால் வந்தவர்கள் அவருக்கு மேலே போயிருந்தார்கள். தன் மூப்பைத் திருத்தக் கேட்டபோது பிக்காரும் உதவவில்லை. 1907ல் டிரேஃபஸ் ஓய்வு கேட்டு வெளியேறினார். காப்பாற்றியவருக்கு முழுக் கணக்கு, பாதிக்கப்பட்டவருக்குப் பாதிக் கணக்கு.

அதற்குப் பிறகும் அவர் உயிருக்கு விலை வைத்தார்கள். 1908 ஜூனில் ஜோலாவின் உடல் எச்சங்கள் நாட்டின் பெருமக்களை அடக்கம் செய்யும் பாந்தியோனுக்கு மாற்றப்பட்ட விழாவில் கிரெகோரி என்ற பத்திரிகையாளர் அவரைச் சுட்டார், கையில் காயம். ஜூரி கிரெகோரியை விடுவித்தது. முதல் உலகப் போரில் ஐம்பது வயதைத் தாண்டிய டிரேஃபஸ் திரும்பவும் சீருடை அணிந்து பணியாற்றினார். இரண்டாம் உலகப் போரில் அவர் பேத்தி மதலேன் லெவி, எதிர்ப்பு இயக்கத்தில் இருந்தவர், ஆஷ்விட்ஸில் இறந்தார்.

ராணுவத்தின் மௌனம் அதற்குப் பிறகும் நீடித்தது. 1980களில் டிரேஃபஸின் சிலையை ராணுவப் பள்ளி முற்றத்தில் வைக்க அரசு விரும்பியபோது ராணுவம் மறுத்தது. 1994ல் ராணுவ வரலாற்றுப் பிரிவின் வெளியீடு ஒன்று டிரேஃபஸின் குற்றமின்மையை வரலாற்றாசிரியர்கள் பொதுவாக ஏற்கும் ஒரு கருத்து என்ற அளவில் மட்டும் எழுதியது, அந்தப் பிரிவின் தலைவர் பதவி நீக்கப்பட்டார். மறு ஆண்டுதான் அந்தப் பிரிவின் ஜெனரல் வெளிப்படையாக அவர் குற்றமற்றவர் என்றார். நீதிமன்றம் சொல்லி ஏறக்குறைய தொண்ணூறு ஆண்டுகள் கழித்து. ஆகவே 2025 சட்டத்தை நான் வரவேற்கிறேன். இறந்தவருக்குக் கொடுத்த பரிசாக அதைப் பார்க்கவில்லை. 1906ல் நாடாளுமன்றமே போட்ட தவறான கணக்கு அது, அதே நாடாளுமன்றம்தான் திருத்த வேண்டும். உங்கள் வீட்டில் கேட்டவர்களிடம் பிக்காரின் தேதியையும் டிரேஃபஸின் தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள்.